சிஸ்டர் கேட்ட கதை

போன வாரம் கரிவலம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் ரெண்டு பெண்கள். ஒருத்திக்கு மகளைச் சிஸ்டர்கள் நடத்தும் ஹைஸ்கூலில் சேர்க்க ஆசை.

"வேண்டாம்க்கா, மதம் மாத்திருவாக!" என்றாள் மற்றவள். சட்டென்று என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, நீங்களே சொல்லுங்க."

எனக்கா பேச வரும்? "எனக்கென்ன தெரியும் தாயி" என்று பஸ் ஏறிவிட்டேன்.

தெரியாதா எனக்கு?

என் மகள் கோமதி அந்த மாதிரிப் பள்ளியில்தான் ஒன்பதாவது படித்தாள். வியாழக்கிழமை கடைசி பீரியடு கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்று வேதபாடம், மற்றவர்களுக்கு நீதிபோதனை. நீதிபோதனை என்று பேர்தான்... கணக்கு டீச்சர் வந்து கணக்குப் போடச் சொல்லுவார். கணக்குக்குப் பயந்து இவள் மறைக்கல்வி வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்ததோடு விட்டாளா? பரீட்சை எழுதி முதல் பரிசு வேறு — ஒரு ஜெபமாலை!

வீட்டுக்காரர் குதித்தார். "ஏட்டி, நம்ம சாமி என்ன கொறஞ்சு போச்சு? இனி பள்ளிக்கூடம் கிடையாது. தறிக்கு நூல் தார் சுத்து!"

அஞ்சாம் வகுப்போடு தார் சுற்ற உட்கார்ந்தவள் நான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த மறைக்கல்வி சிஸ்டரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தப்பு என்னுது அண்ணாச்சி. உங்ககிட்டக் கேக்காம உக்கார வச்சிட்டேன்" என்றவர் அடுத்ததாக, "உங்க ஊர்ச் சாமி ஏன் பாதி சிவன், பாதி பெருமாள்? கோமதிகிட்டக் கேட்டேன், தெரியலைங்கா."

வீட்டுக்காரர் முழித்தார். "அது... அந்தக் காலத்துல இருந்தே அப்படித்தான்."

கதவுக்குப் பின்னால் நின்ற நான் எப்படிப் பேசினேனோ! "ரெண்டு நாகராஜாக்க. ஒருத்தன் சிவன் பெருசுங்கான், ஒருத்தன் பெருமாள் பெருசுங்கான். ரெண்டு பேரையும் ஒண்ணாக் காட்டுன்னு அம்மன் தவமிருந்து கேட்டா. ரெண்டு சாமியும் ஒரே உடம்பா வந்து நின்னாக."

சிஸ்டர் கண் கொட்டாமல் கேட்டார். "வியாழக்கிழமை கோமதி இதை எங்க பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அனுப்புவீங்களா?"

வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார் — நான் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. "கதை சொல்லணும்னா... போய்த்தான ஆகணும்" என்றார்.

கோமதி இப்போது கடையநல்லூரில் டீச்சர். அவள் நீதிபோதனை பீரியடில் கணக்குப் போடச் சொல்வதில்லை, கதை சொல்கிறாள்! எந்த ஊரில் இருந்தாலும் அந்தச் சிஸ்டர் நல்லா இருக்கணும்.

பஸ் ஸ்டாண்டுத் தாயிகளே, தைரியமாகப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் உங்கள் சாமி கதையை முதலில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்... சிஸ்டர் கேட்டால் முழிக்கக் கூடாது பாருங்கள்!