கிணற்றில் சாகிறவனுக்கு நான் வைத்த பேர்

என்னங்க சாமி, சொகமா? அங்கே மழை உண்டுங்களா?

எனக்குப் படிப்பு கிடையாது. சிங்கப்பூரிலிருந்து வந்த விளையாட்டுப் பெட்டியில் இருந்த, பகடை உருட்டி ஆடும் கதையைப் பக்கத்து வீட்டு சேவியர் படித்துச் சொல்ல, மனப்பாடம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் ஆளுக்கொரு வேஷமாக விளையாட, நான்தான் கதையை நடத்த வேண்டும்.

அதில் கிணற்றில் சாகிறவனுக்கு இடது கையில் மூன்றே விரல். வெள்ளைக்காரப் பேர் வாயில் நுழையாததால் ‘மல்லசமுத்திரம் பழனியப்பன்’ என்று மாற்றிக்கொண்டேன்.

இன்று பஸ்ஸில் பக்கத்து ஆள் இடது கையால் கம்பியைப் பிடித்தார். மூன்றே விரல்.

“எந்த ஊருங்க?”

“மல்லசமுத்திரமுங்க. பேரு பழனியப்பன். கெணறு தூர் வாரப் போறேனுங்க.”

“இன்னைக்குப் போவாதீங்க!”

“ஏனுங்க, கெனாக் கண்டீங்களா?” சிரித்தபடியே இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், உடனே பேரை மாற்றச் சொல்லி வாசலில் நின்று கத்துகிறான் சேவியர். வேறு யார் பேரை வைப்பது?

“வாரேன் சேவியரு, இரு!”

ஏனுங்க சாமி, உங்க ஊரில் யார் பேராவது—