களைக்குத் தண்ணீர்

அரிசோனாவில் என் காலை வேலை களைக்குத் தண்ணீர் ஊற்றுவது. விடுமுறைக்குக் கொல்லிமலை வந்து, சாமை வயலில் களையெடுக்க உட்கார்ந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். தம்பி பொன்னுசாமி களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"காலேஜுல செடிப் பாடம் நடத்துன மனுசன், களைக்குத் தண்ணி உடறயா? ஏண்ணா, உம்பட மவளுக்கு இது தெரியுமா? தெரிஞ்சா அடுத்த பிளேன்ல ஏத்தி உட்டுருவா."

"அது ஒரு ஆமைக்குத் தம்பி" என்றேன். அவன் இன்னும் சிரித்தான். அவனிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

மனைவி இறந்தபின், கொல்லிமலைத் திருப்புலி நாட்டு வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் கவிதா என்னை அழைத்துக்கொண்டாள். அவள் இருப்பது பாலைவன ஊர். பக்கத்து வீட்டு மார்கரெட்டும் என்னைப் போலத் துணையை இழந்தவர். அவர் கொல்லையில் ஹென்றி என்றொரு பாலைவன ஆமை, அரசு அனுமதியோடு வளர்ந்துவந்தது. போன வசந்தத்தில் அவர் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக வெளியூர் மகள் வீட்டுக்குப் போனபோது அதை என்னிடம் ஒப்படைத்தார். "கொல்லையில் முளைப்பதை அவனே மேய்ந்துகொள்வான். வேறெதுவும் கொடுக்காதீர்கள்" என்றார். தலையாட்டினேன். நம் தலையாட்டல் அவருக்கு என்றுமே குழப்பம். ஆமாவா, இல்லையா என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்று வாய்திறந்து சொன்னேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், ஹென்றி ஒரு காய்ந்த புல்லை இழுத்து மென்றுகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பலா அறுத்தால் சுளை நமக்கு, சுளையைச் சுற்றிய சடை மாட்டுக்கு என்று வாயில்லாச் சீவனுக்கும் பங்கு வைக்கிற மலையிலிருந்து வந்தவன் நான். பொறுப்பில் விட்ட உயிரைச் சருகு தின்ன விடுவதா? முதலில் லெட்டூஸ் கீரை கொடுத்தேன். பிறகு வாழைப்பழம். கடைசியில், ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த சாமையைக் குழையக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன். வாயெல்லாம் அப்பிக்கொண்டு தின்றது. என் காலடி கேட்டாலே வளையிலிருந்து வெளியே வந்தது.

உண்மையைச் சொன்னால், அதற்காக மட்டும் நான் கொடுக்கவில்லை. கவிதா வீட்டில் ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு சாப்பாடு. நான் சமைப்பதை நான்தான் தின்றேன். அந்த நாட்டில் என் கையால் வாங்கித் தின்ற ஒரே உயிர் ஹென்றி.

சில நாளில் சாணம் நீராகப் போயிற்று. மார்கரெட் போனில் கேட்டார்: "புல் மேய்கிறானா?" "நன்றாக மேய்கிறான்" என்றேன். அடுத்த வாரம் ஹென்றி வளையை விட்டு வரவில்லை. கையை விட்டு வெளியே எடுத்தேன். கண்கள் குழிந்து, கால்கள் துவண்டு கிடந்தன. சிறு வயதில் எங்கள் பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பலாச்சடைக் குவியலைத் தின்றுவிட்டு, வயிறு உப்பித் தள்ளாடியது. உப்பல் இறங்க அன்று மாலைவரை அதை நடத்திக்கொண்டே இருந்தவன் நான். பழகாத தீனி என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்திருந்தும் இதைச் செய்தேன்.

கவிதாவின் காரில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. புல்லின் நாரை ஆமை தானாகச் செரிப்பதில்லையாம். பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. வசந்தத்தில் பச்சையும் பூவும், பிறகு காய்ந்த புல்லும் என்று தீனி மெல்ல மாறினால் அந்தக் கூட்டமும் கூடவே மாறிக்கொள்ளும். திடீரென்று சர்க்கரையும் மாவும் விழுந்தால் நாரைத் தின்பவை குறைந்து வேறு வகை பெருகும், வயிறு புளித்துப்போகும்.

"பிழைக்குமா?" என்றேன்.

"ஆமைகள் எதையும் மெதுவாகத்தான் செய்யும்" என்றார். "குணமாவதையும்."

அன்று சாயங்காலமே மார்கரெட்டைக் கூப்பிட்டேன். நான் பொய் சொன்னேன், கீரையும் பழமும் கஞ்சியும் கொடுத்தேன், ஹென்றி சாகக் கிடக்கிறது, காரணம் நான் என்றேன். "வாழைப்பழமா கொடுத்தீர்கள்?" என்றார். ஆமாம் என்றேன். "சொர்க்கத்துக்குப் போய்விட்டோம் என்று நினைத்திருப்பான், மடையன்." அவர் குரல் உடைந்தது. "இனி தினமும் கூப்பிட்டு அவன் சாணம் எப்படி இருக்கிறதென்று சொல்லுங்கள். இந்தத் தடவை உண்மையை."

அப்படியே ஆயிற்று. வெதுவெதுப்பான நீரில் ஹென்றியை உட்காரவைப்பேன். காய்ந்த புல்லை அருகில் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். மனைவியிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை; தினமும் போனில் இரண்டு கிழங்கள் ஆமைச் சாணத்தைப் பற்றிப் பேசினோம். ஒருநாள் காலை, நார் தெரியும் கெட்டியான சாணம் ஒன்று வளை வாசலில் கிடந்தது. செய்தியைக் கேட்டு, நடைவண்டியைப் பிடித்து நின்ற மார்கரெட் அதை விட்டுவிட்டு அங்கே கைதட்டினாராம். அதன்பின்தான் அவர் கொல்லையில் நான் களை வளர்க்கத் தொடங்கினேன். அந்த மண்ணின் புல், நம் துத்திக்கு உறவான ஆரஞ்சுப் பூச்செடி. எல்லாம் ஹென்றிக்கு.

கொல்லிமலைக்கு வந்த முதல் நாள் நானே பலாச்சுளையை அள்ளித் தின்றுவிட்டு இரவெல்லாம் அவதிப்பட்டேன். தம்பி மனைவி செல்லம்மா மறுநாள் கிண்ணத்தை எட்டி வைத்தாள். "ரெண்டோட நிறுத்துங்க மாமா. வெள்ளைக்கார வவுறாப் போச்சுங்களே உங்குளுது! கொஞ்சங் கொஞ்சமாத்தான் பழக்கோணும்." இப்போது நாலு சுளை வரை வந்திருக்கிறேன். சாமைச்சோறு ஒத்துக்கொள்கிறது. காலையில் மார்கரெட்டின் செய்தி வந்தது: ஹென்றி நலம், களைகளுக்கு அவரே தண்ணீர் ஊற்றுகிறார்.

வெயில் ஏறியதும் தம்பி என் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான். நடுவில் ஒரு துத்தி நின்றது.

"இத ஏண்ணா உட்டுட்ட?"

"ஒருத்தனுக்குப் பிடிக்கும் தம்பி."

அவன் வயலைச் சுற்றிப் பார்த்தான். நாங்கள் இருவர்தான். துத்தியைத் தொடாமல் அடுத்த வரிசைக்குப் போனான். சொம்பில் குடித்தது போக மிச்சமிருந்த தண்ணீரை அந்தச் செடியின் அடியில் ஊற்றினேன்.