மூக்கைப் பொத்திய முதலாளி

ஆலங்குடிச் சந்தைக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கருவாட்டுக் கடை நடத்தினோம். கட்டுமாவடியில் மீன் காயவைக்கும் ஒரு விதவை அக்காதான் எங்களுக்குச் சரக்கு தந்தார். அவர் கூடைகளை வாங்கும்போது நாங்கள் பிரித்துப் பார்த்ததே கிடையாது. அடியில் ஒருநாளும் எடை கூட்டும் ஈரமோ மணலோ இருந்ததில்லை.

யுத்தம் தொடங்கிய சமயம், ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரரின் அண்ணன் ஊர் திரும்பினார். வந்த வாரமே கடைக்கு ஒரு நாற்காலி வாங்கி, அதில் தாமே உட்கார்ந்துகொண்டார். வாசலில் ‘கம்பெனி’ என்று பலகை ஏறியது. நெத்திலிக்கும் வாளைக்கும் வித்தியாசம் தெரியாதவர்! மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கருவாடு விற்ற முதலாளி புதுக்கோட்டை சமஸ்தானத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஒருநாள் அந்த அக்கா வண்டியில் சரக்கோடு வந்தார்.

“அங்கிட்டே நில்லு. உள்ள வந்து நாத்தத்தைப் பரப்பாதே. ஒவ்வொரு கூடையாக் கொட்டிக் காட்டு” என்றார் எங்கள் வீட்டுப் பெரியவரான அந்த அண்ணன்.

அந்த அக்கா இறக்கிய கூடைகளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அண்ணனை எதிர்க்கக்கூடாது என்று என் வீட்டுக்காரர் நின்றார். அவரே பேசாதபோது எனக்கென்ன என்று நான் நின்றேன். வெட்கம்கெட்ட மௌனம்.

ஐப்பசி மழை பிடித்தது. கருவாடு கேட்டு ஆட்கள் வந்தபோது கடையில் நாற்காலிதான் இருந்தது. பெரியவர் அசரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணுக்கு, உடனே சரக்கு அனுப்பும்படி ஒரு கடிதம் எழுதிப்போட்டார். கம்பெனி மூளை!

கடைசியில் நாங்கள் இருவரும் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலுமாகக் கட்டுமாவடிக்குப் போனோம். அந்த அக்கா எங்களைத் தூறலில் வெகுநேரம் நிற்கவைத்தார்.

“எங்க வீட்டுல நாத்தம் இன்னும் கூடவா இருக்குமே. எப்புடி வந்தீங்க?”

“எங்க பெரியவரு பேசுனதைக் கேட்டுக்கிட்டு வாயடைச்சு நின்னோம்க்கா. தப்பு எங்க மேலதான்” என்றேன்.

“அவரு புதுசு, அவருக்கு என்னையத் தெரியாது. ஒனக்குமா தெரியாது?”

அவர் இரண்டு கூடை பொடிச்சாளையை, இருப்பதிலேயே மலிவான கருவாட்டை மட்டும் எடுத்துப் போட்டார். “இதை வித்துட்டு வாங்க, பாப்போம்.”

ஊர் திரும்பியதும் என் வீட்டுக்காரர் முதல்முறையாக அண்ணனிடம் வாய் திறந்தார். “இனிமே அந்த அக்கா வந்தா எங்ககிட்டத்தான் பேசும்ணே.” பெரியவர் கோபித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய் ஜவுளிக்கடை வைத்தார். நெசவாளர்களிடமும் அதே அதட்டல்தான். வருஷம் திரும்புவதற்குள் மூடினார். காலம் கெட்டுவிட்டதாம், அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நாங்கள் தை மாதம் வரை பொடிச்சாளையே விற்றோம். அதன் பிறகுதான் அந்த அக்காவிடமிருந்து விலை கூடிய வாளை வந்தது. மீன் கிடைக்காமல் மற்ற கடைகள் அடைத்துக் கிடந்த வருஷத்திலும் எங்களுக்கு இரண்டு கூடையாவது வந்து சேர்ந்தது.