பச்சையாய் எரிந்த உப்பு

ஒரு நல்ல மார்க்குக்காக, நண்பன் ஒருவனைத் தன் கண்ணையே நம்பாதவனாக ஆக்கியவன் நான். போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் வண்ணப் புள்ளிகள் அச்சடித்த புத்தகத்தைக் காட்டி, "இதுல பச்சை தெரியுதுங்களா ஐயா?" என்று கேட்டார்கள். தெரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை...

வெள்ளைக்காரன் காலம். சேலத்தில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். அரைப் பரீட்சையில் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டிருந்தேன். "அடுத்ததுலயும் தேறலீன்னா ஏர் புடிக்க வந்துரு சாமி" என்று அப்பா சொல்லிவிட்டார்.

பக்கத்து மேஜையில் செங்கோடன், மோகனூர்க்காரன். ஸ்டேஷன் மாஸ்டர் ஆகவேண்டும் - அது ஒன்றுதான் அவன் ஆசை.

பிராக்டிகல் தேர்வு. ஆளுக்கொரு உப்புப் பொட்டலம். காகிதத்தின் மேல் நம்பர். என்ன உப்பு என்று கண்டுபிடித்து, அந்த நம்பரோடு எழுதித் தர வேண்டும். நான் அவசரத்தில் மொத்த உப்பையும் அமிலத்தில் கொட்டித் தொலைத்தேன். மறுபடி கேட்டால் மார்க் வெட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து செங்கோடன் தன் உப்பைச் சுடரில் காட்டினான். பச்சை! அப்படியென்றால் பேரியம். வேறொரு சோதனைக்கு அவன் வராந்தாவுக்குப் போனதும், உப்பைக் கொட்டியபின் மேஜைகளில் கிடந்த, நம்பர் எழுதிய வெற்றுக் காகிதங்கள் இரண்டையும் மாற்றி வைத்தேன்.

இருவருமே பேரியம் என்றுதான் எழுதினோம். நான் அவன் நம்பருக்கு... அவன் என் நம்பருக்கு. எனக்கு நல்ல மார்க்.

"உன்னுடையது ஸ்ட்ரான்ஷியம். சிவப்பாய் எரியும். நீ என்ன பார்த்தாய்?" என்று அவனைக் கேட்டார் புரொபஸர்.

"பச்சைங்க சார்."

"நன்றாகப் பார்த்தாயா?"

"பச்சையாத்தானுங்க எரிஞ்சுது."

"இவன் கொடி காட்டுனா ரயிலு ஆத்துக்குள்ளதான்டா போகும்!" என்றான் பின் வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மிளகாயைக் காட்டிக் கேட்டார்கள், சரியாகச் சொன்னான். "பழக்கத்தில் சொல்கிறாய். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாதப்பா. ரயில்வேயை மறந்துவிடு" என்றார் புரொபஸர், கனிவாகத்தான். படித்தவர் சொன்னால் சொந்தக் கண்ணும் பொய்யாகிவிடும் இல்லையா? செங்கோடன் ரயில்வேக்கு மனுப் போடவே இல்லை. வயலுக்குப் போனான்.

நான் என்ன ஆனேன்? கெமிஸ்ட்ரி வாத்தியார்!

ரயில்வே வேலைக்கான வயதெல்லாம் அவனுக்குக் கடந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. கொஞ்சம் பேரியம் உப்பும் ஒரு ஸ்பிரிட் விளக்குமாக மோகனூர் போனேன்.

"வாடா வாத்தி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கட்டிக்கொண்டான். உள்ளே பார்த்து, "புள்ள, கோழி அடிச்சு வெய்யி" என்றான்.

சாப்பாட்டுக்கு முன்பே விளக்கை ஏற்றி உப்பைக் காட்டினேன். அவன் மனைவியைக் கூப்பிட்டான்.

"இது என்ன நெறம் புள்ள?"

"பச்சைங்க. மொளகா பழுத்துதான்னும் எங்கிட்டத்தான் கேக்கறது, இதையும் எங்கிட்டத்தானா? கொழம்பு கொதிக்குது, நான் போறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன்.

விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அப்ப, அன்னைக்கு நான் பாத்தது பச்சைதானா?"

"பச்சைதான்டா."

"இன்னொருக்கா காட்டு."

காட்டினேன். மறுபடியும் கேட்டான். உப்பு தீரும்வரை காட்டினேன்.

பிறகு எழுந்து நின்றான். "பொழுதாச்சுங்க. நீங்க பொறப்படுங்க."

டா போட்டே பேசியவன்.

குழம்பு வாசனை தெருமுனை வரை கூடவே வந்தது. எங்கள் பக்கத்தில், பகையாளியைக்கூடச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள்.