ஓடினவனா, கூட்டமா?

கார்மேகத்துக்கு அந்தச் சைக்கிள் பந்தயத்தில் முதலில் பிடித்தது சைக்கிள் அல்ல, புல்.

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி ஒன்றின் கேம்ப். அதில் ஏழாம் நம்பர் ரூம், இரண்டடுக்குக் கட்டில்கள் நான்கு, ஆள் எட்டு. இரண்டாயிரத்து ஐந்துக்கு முன்னேயோ பின்னேயோ, ஒரு ஜூன் மாதக் கடைசியில் அடித்த மணல் காற்றில் மொட்டைமாடி டிஷ் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டது. தமிழ்ச் சேனல் போயே போயிற்று. ஏதோ ஒரு விளையாட்டுச் சேனல் மட்டும் பளிச்சென்று வந்தது. சீரியல் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த எட்டு ஆம்பிளைகளும் இரண்டு நாள் துக்கம் காத்தார்கள். மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல், பிரான்ஸ் நாட்டில் ஜூலை மாதம் மூன்று வாரம் நடக்கிற சைக்கிள் பந்தயத்தைப் பார்க்க உட்கார்ந்தார்கள்.

வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. டிவிக்குள்ளே சூரியகாந்திக் காடு, ஆறு, மேயும் மாடு, மரம் மூடிய ரோடு. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டான் கார்மேகம் ஊரிலேயே அப்படியொரு பச்சையைப் பார்த்தவனில்லை. ஆனாலும் அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஊருக்குப் போகவேண்டும் போல இருந்தது. ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

கார்மேகத்துக்கு அப்போது முப்பத்தோரு வயது. ஓடு வேகிற கில்ன் பக்கத்தில் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் எட்டுப் பேர் சட்டையையும் இஸ்திரி போட்டுத் தருவான். கேட்டால் சும்மா இருக்க முடியவில்லை என்பான். அவன் விமானம் ஏறியபோது பெண்டாட்டி மீனாம்பாளுக்கு ஆறு மாசம். பிள்ளை பிறந்து இரண்டே முக்கால் வருஷம் ஆகிவிட்டது. ராதிகா என்று பெயர் வைத்ததும் போனில்தான். அவன் பார்த்ததெல்லாம் மூன்று போட்டோ. மூன்றிலும் வேறு வேறு பிள்ளை போல இருந்தது அவனை வதைத்தது.

ரூமில் பந்தயம் பிடிக்கிற பழக்கம் சமையல்காரர் ராக்கப்பன் ஆரம்பித்தது. அவர்தான் ரூமுக்கு மூத்தவர். மலை இல்லாத சமதள ரோட்டில் ஓட்டம் நடக்கிற நாளில் கதை எப்போதும் ஒன்றுதான்: காலையிலேயே ஒருத்தன் கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு முன்னால் ஓடிவிடுவான். கூட்டம் அவனை விட்டுப் பிடிக்கும். எதிர்காற்றை அவன் ஒருத்தன் நெஞ்சு வாங்குகிறது. கூட்டத்தில் இருக்கிறவனோ முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வருகிறான். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் பூனை எலியைக் கவ்வுகிற மாதிரி கவ்விவிட்டு, அதற்கப்புறம் கூட்டத்துக்குள்ளே ஒரு வெறி ஓட்டம். பத்து நாளில் எட்டுப் பேருக்கும் இது பாடமாகிவிட்டது. டிவி மூலையில் இருபது கிலோமீட்டர் பாக்கி என்று விழுந்ததும் ராக்கப்பன் கரண்டியால் சட்டியைத் தட்டுவார். "ஓடுனவனா, கூட்டமா?" அதற்குள் சொல்லிவிட வேண்டும். தோற்றவன் பாத்திரம் கழுவணும். ஜெயித்தவனுக்குக் காலையில் பாத்ரூம் முதல் முறை. ஓடினவன் பக்கம் கட்டுகிறவன் கிறுக்கன் என்று பெயர்.

அந்த வருஷம் கில்ன் ஆட்களில் கார்மேகமும் பாலகுருவும் ஆகஸ்டில் லீவு கேட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் ஒரு விரலைக் காட்டி, "ஏக் ஆத்மி, பஸ்", ஒரே ஆள்தான், என்றுவிட்டார். விட்டால் அடுத்த மார்ச்தான். யார் என்பதை அவர்களே முடிவுசெய்து வியாழக்கிழமை காலையில் பெயர் தரவேண்டும்.

பாலகுரு இளையான்குடிப் பக்கம். கல்யாணமாகி இருபத்தெட்டாம் நாள் பிளேன் ஏறியவன். அதுவும் ஆயிற்று இரண்டு வருஷம். அவன் கல்யாண சிடியை ரூமே மனப்பாடம் செய்திருந்தது. எந்தப் பந்தியில் எந்தச் சித்தப்பா சண்டை போடுவார் என்பது வரைக்கும் தெரியும். "சிடியில பாத்தாத்தாண்ணே அருணா மொகம் ஞாபகம் வருது. கண்ண மூடுனா வரல" என்று ஒருநாள் கார்மேகத்திடம் சொல்லி அழுதிருக்கிறான்.

சீட்டுக் குலுக்கலாம் என்று பேச்சு வந்தது. போன வருஷம் குலுக்கியதில் ஒரு சீட்டு மடிப்பு வேறு மாதிரி இருந்ததென்று தகராறு. ராக்கப்பன்தான் வழி சொன்னார்.

"புதன்கெழம சமரோட்டுப் பந்தயம் வருது. அதுலயே முடிங்க. பிரான்சுல ஓட்டுறவன நம்ம யாரும் கைக்குள்ள போட முடியாதுல்ல?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. யார் முதலில் பக்கம் சொல்வது என்று காசு சுண்டினார்கள். பூ விழுந்தது, கார்மேகத்துக்கு. அதாவது, கூட்டம் என்று சொல்லும் உரிமை அவனுக்கு. பாலகுரு முகம் சுண்டிவிட்டது. புதன்கிழமை டியூட்டி முடிந்து வந்து, ஒன்பது மணிக்கு மறுபடி போடுவார்களே, அதில் பார்ப்பதாக ஏற்பாடு.

புதன்கிழமை பார்த்து கம்பெனி கார்மேகத்தை ஷார்ஜாவுக்கு அனுப்பியது, கெட்டுப்போன மோட்டாரோடு. வண்டி ஓட்டியவர் தொண்டிக்காரர் முகம்மது சித்தீக். வேலை முடிந்ததும் சித்தீக் வீட்டுக்குப் பணம் அனுப்ப ரோலாக் கடைவீதியில் நிறுத்தி, வரிசையில் போய் நின்றார். கார்மேகம் பிள்ளைக்குக் கவுன் வாங்கப் போனான்.

"எத்ர வயசு?" என்றான் மலையாளிக் கடைக்காரன். சொன்னான். "பொக்கம்?" என்று உயரம் கேட்டான் கடைக்காரன்.

கார்மேகம் தன் தொடையருகே கையை வைத்துக் காட்டினான். அப்புறம் கொஞ்சம் கீழே இறக்கினான். மறுபடி ஏற்றினான். கடைக்காரன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல், ரோஜா நிறத்தில் ஒரு கவுனை எடுத்துப் போட்டான்.

கவுனோடு வெளியே வந்தவன் டிவிக் கடைக் கண்ணாடி முன்னால் நின்றான். எட்டு டிவியிலும் அதே பந்தயம். மணி ஏழேகால். அது மறு ஒளிபரப்பு அல்ல என்று அவன் புரிந்துகொள்வதற்குள் ஒற்றை ஆள் ஒருத்தன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மிதித்து வந்தான். பின்னால் கூட்டம் கணக்குத் தப்பித் திணறியது. அவனைக் கவ்வ வந்த கூட்டம் கவ்வவில்லை. ஒரு வண்டி நீளத்தில் ஓடினவன் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கினான். எட்டு டிவியிலும் தூக்கினான்.

கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் கார்மேகம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தான். பாலகுருவுக்கு என்ன, பெண்டாட்டி எங்கே போய்விடப் போகிறாள்? மார்ச்சிலும் அதே அருணாதான். பிள்ளை அப்படியா? அது நாளுக்கு நாள் வளருகிறது. மார்ச்சுக்குள் மழலை போய்விடும். கார்மேகம் கெட்டவனில்லை, ஆனால் ஏக்கம் பிடித்தவனுக்கு நியாயம் கிடைப்பதற்கு ஒரு மணி நேரப் பயணம் போதும்.

ஒன்பது மணிக்கு ரூமில் எட்டுப் பேரும் டிவி முன்னால். ஓடினவன் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாக முன்னால் இருந்தான். இருபது கிலோமீட்டர் விழுந்தது. ராக்கப்பன் சட்டியைத் தட்டினார்.

"சொல்லுப்பா கார்மேகம்."

"ஓடுனவன்."

ஏழு தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"ஏப்பா, புத்தி கெட்டுப்போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் ராக்கப்பன்.

"யோசிச்சிட்டேன். ஓடுனவந்தான்."

பாலகுரு எழுந்து வந்தான். "அண்ணே, எனக்காகவா விட்டுக்குடுக்குறீக?" என்று சொல்லி, தடுப்பதற்குள் காலைத் தொட்டுவிட்டான். "இவன்ல மனுசன்" என்றார் ராக்கப்பன், கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு. இதை மட்டும் கார்மேகம் கணக்குப் போடவில்லை. லீவைத் திருட வந்தவன் தலையில் கொண்டுவந்து கிரீடத்தை வைத்துவிட்டார்கள். வாயில் கொழுக்கட்டை அடைத்தது போல உட்கார்ந்திருந்தான்.

பத்து கிலோமீட்டர் பாக்கி, ஓடினவன் நாற்பது விநாடி முன்னால். ஐந்து கிலோமீட்டர், இருபத்தைந்து. கார்மேகம் திரும்பிப் பார்த்தான். பாலகுரு டிவியைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"ஓடுனவன் ஜெயிக்கணும்னு கும்புடுறேண்ணே. நீங்க போயிப் புள்ளயப் பாருங்க. நான் மார்ச்சுல போய்க்கிறேன்."

கார்மேகத்தின் மடியில் கவுன் பொட்டலம் இருந்தது. இரண்டு கிலோமீட்டர் பாக்கி. இன்னும் மூன்று நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆகஸ்டில் அந்தக் கவுனைத் தன் கையால் போட்டுவிடலாம். இருக்க முடியவில்லை.

"நிறுத்துங்கப்பா. நான் பாத்துட்டேன்."

"எத?"

"இத. ரோலாவுல, கடை டிவியில. ஓடுனவன்தான் ஜெயிக்கிறான். தெரிஞ்சுதான் சொன்னேன்."

டிவிக்குள்ளே அந்த ஒற்றை ஆள் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கினான். ரூமில் ஒருத்தரும் கை தட்டவில்லை. ராக்கப்பன் எழுந்து டிவியை அணைத்தார்.

"பாத்துட்டுக் கட்டுனா அது பந்தயம் இல்லப்பா. கலாஸ், முடிஞ்சுபோச்சு. காலையில பாலகுரு பேரக் குடுங்க."

"அதான் நானும் சொல்றேன்" என்றான் கார்மேகம்.

எட்டு நாள் பாலகுரு அவனோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. கார்மேகம் வழக்கம்போல எட்டுச் சட்டைக்கும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்லண்ணே. ஏன் சொன்னீக?"

"நீ எதுக்குடா கும்புட்ட?"

பாலகுரு தன் சட்டையை எடுத்துக்கொண்டு, "புள்ளைக்கு என்ன குடுத்துவிடணுமோ எடுத்து வைங்க, நானே நேர்ல கொண்டுபோயிக் குடுக்குறேன்" என்றான்.

ஆகஸ்டு இரண்டாம் வெள்ளிக்கிழமை, சொல்லிவைத்த நேரத்துக்கு, கார்மேகம் கேம்ப்பை ஒட்டியிருந்த போன் கூண்டுக்குப் போனான். கூண்டுக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. அவன் வீட்டுக்கு அடுத்த பெட்டிக்கடை நம்பரை அடித்தான். பாலகுருதான் எடுத்தான். பின்னால் ஏதோ பிள்ளைச் சத்தம்.

"கவுன் சரியா இருக்காடா?"

"பத்தலண்ணே. முட்டிக்கு மேல நிக்கிது. புள்ள ஒசரமா இருக்கு, ஒங்கள மாதிரி."

கார்மேகம் தன் தொடையைப் பார்த்துக்கொண்டான். கையை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று யோசித்தான். போனில் பாலகுரு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"என்னடா? புள்ளைக்கு ஒண்ணும் இல்லயே?"

"இல்லண்ணே. கோவிச்சுக்காதீக. துபாய்லருந்து ஆளு வருதுன்னு சொல்லி வச்சிருக்காக போல. நான் கார விட்டு எறங்குனதும் தெருவுல ஓடி வந்து, என் காலக் கட்டிக்கிட்டு, அப்பான்னுருச்சு. மீனாம்பா அக்கா உள்ள போயி அழுகுறாக. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

கார்மேகம் கூண்டின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். கண்ணாடி சுட்டது. எடுக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. தூக்கிக்கிட்டேன். இப்பவும் இடுப்புலதான் இருக்கு. எறக்கி விட்டுட்டு, ஒங்கப்பா போன்ல இருக்காருன்னு சொல்லவா?"

"வேண்டாம்டா" என்றான் கார்மேகம். "கொஞ்ச நேரம் எறக்கி விடாத."