தேரைகளின் பெருங்கதை விரதம்

எங்கள் வீட்டில் ஒருமுறை இரண்டு தேரைக்குஞ்சுகள் சாப்பிட மறுத்தன. அதைப் பார்த்து என் தங்கச்சியும் சாப்பிட மறுத்தாள். தேரைகள் மட்டும் என்றால் வீட்டில் ஒருவரும் தலையைத் திருப்பியிருக்க மாட்டார்கள். தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது. மலேரியாக் காய்ச்சலில் நெடுநாள் கிடந்து எழும்பியவள். சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கும் அப்போதிக்கரி அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டிட்டுது. இனிச் சோறுதான் மருந்து. சாப்பிடாட்டிப் பிள்ளை எழும்பாது" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

தேரைகள் வீட்டுக்குள் வந்ததும் அந்தக் காய்ச்சலால்தான். மாரி தொடங்கிய நேரம் கிணற்றடித் தொட்டிக்கு மேல் சாய்ந்திருந்த வாழையிலையில் தேரை முட்டையிட்ட நுரைக்கட்டி ஒன்று தொங்கியது. சில நாளில் அதிலிருந்து வாலோடு பொரித்த தேரைக்குஞ்சுகள், வாற்பேய்கள், தொட்டித் தண்ணீருக்குள் விழுந்து நீந்தத் தொடங்கின. ஐயாவின் கடையில் இனிப்பு முடிந்து வெறுமையாய்க் கிடந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் நான் கொஞ்சத்தை அள்ளிவந்து தங்கச்சியின் கட்டிலருகே வைத்தேன். குளிர் நடுக்கத்திலும் அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவித்த கீரை, சோற்றுப் பருக்கை என்று எதைப் போட்டாலும் அவை தின்றன. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

"எங்கடை வீட்டிலை வளருறதெல்லாம் சைவம்தான்" என்பார்.

வால் சுருங்கிக் கால் முளைத்ததும் அந்தப் பெருமை கவிழ்ந்தது. பிழைத்தவை இரண்டுதான். இரண்டும் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டு கீரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. பாலில் நனைத்த சோற்றை மூக்கடியில் வைத்தேன். கால் வைத்து மிதித்துவிட்டு அப்பால் போயின. நாளுக்கு நாள் இடுப்பெலும்பு தள்ளிக்கொண்டு வந்தது.

"அதுகள் சாப்பிட்டாத்தான் நானும்" என்றாள் தங்கச்சி. சொன்னவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் அவளுக்குள் எதையும் இறக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெருங்கதையும் வந்தது. பிள்ளையாரை நினைத்து இருபத்தொரு நாள் இருக்கும் விரதம். தங்கச்சி தேறவேண்டும் என்று நேர்ந்து அம்மா அதைப் பிடித்திருந்தார். பகல் முழுக்கப் பட்டினி. கோயிலால் வந்துதான் ஒரு நேரச் சோறு. மீன் காய்ச்சும் மச்சச் சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டு மூலைக்குப் போயிற்று. எறும்பு காலில் ஏறினால்கூட ஊதித்தான் விடவேண்டும். நான் மெல்ல, கறையான் பிடித்துப் போடட்டோ என்று கேட்டேன்.

"விரத நாளிலை ஒரு உயிரைக் கொண்டு இன்னொண்டுக்குத் தீத்தப் போறியோ? போடி அங்காலை" என்று சொல்லி, பிள்ளையாருக்குப் படைத்த கதலிப்பழத்தில் ஒரு துண்டை உரித்துக் கையில் தந்தார். அதைப் போத்தலுக்குள் போட்டு வாயைச் சீலைத்துண்டால் கட்டினேன். பழம் இருந்தது; தேரைகளும் இருந்தன. ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து வளவு மாமி வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். எங்கள் பக்கத்தில் தேங்காய்க்குள் பருப்பு இல்லையென்றால் தேரை மோந்தது என்பார்கள். பிள்ளை மெலிந்தாலும் பழி அதற்குத்தான்.

"முதலிலை உந்தப் போத்தலைக் கொண்டுபோய் வேலிக்கு வெளியாலை கவிழ். பிள்ளையைத் தேரை மோந்துபோட்டுது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேரையே எலும்பாய்க் கிடக்கிறது, அது யாரை மெலியவைப்பது? ஆனால் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நாளைக்கும் தின்னாட்டிக் கொண்டுபோய் விட்டிடு" என்றார். போத்தல் போனால் தங்கச்சி இனி வாயே திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் விளக்கு வைக்கிற நேரம். அம்மா முழுகித் திருநீறு பூசி, அருச்சனைத் தட்டோடு கோயிலுக்கு வெளிக்கிட்டார். "பழம் நாறுது பிள்ளை, எடுத்து எறி" என்று சொல்லிக்கொண்டே கட்டிலடிக்கு வந்தார். பழம் கறுத்துக் கூழாகியிருந்தது. வாசத்துக்கு வந்த சின்னஞ்சிறு ஈக்கள் சீலைக்கு வெளியே மொய்த்துக்கொண்டிருந்தன. நான் கட்டை அவிழ்த்ததும் அவை கூட்டமாய் உள்ளே இறங்கின. சுவரில் ஒட்டியிருந்த தேரை ஒன்று தலையைத் திருப்பியது. அடுத்த கணம் அது பழத்தடியில் நின்றது. கண்ணை மூடி ஒரு விழுங்கு. பிறகு இன்னொன்று. மற்றத் தேரையும் குதித்தது.

தங்கச்சி எழும்பி உட்கார்ந்தாள். "அக்கா, சாப்பிடுதுகள்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா போத்தலைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு முன்னாலேயே விரத நாளில் கொலை நடந்துகொண்டிருந்தது.

"பழமோ அம்மா சாப்பிடுதுகள்?" என்றாள் தங்கச்சி.

"ஓம் பிள்ளை, பழந்தான்" என்றார் அம்மா.

தட்டை அப்படியே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்ப் பருப்பும் நெய்யும் விட்டுச் சோறு குழைத்துக்கொண்டு வந்தார். தங்கச்சி போத்தலில் இருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். கிண்ணம் வெறுமையானதும், "இன்னும்" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் அந்தக் கறுத்த பழத்தை எறியப்போன என்னை அம்மா தடுத்தார்.

"அது கிடக்கட்டும். நாங்கள் வைக்கிறது பழம். அதுக்கு மேலை என்ன வந்து இருக்குதெண்டு பிள்ளையார் பாத்துக்கொள்ளட்டும்."

பின்னேரமானதும் அவரே சீலையை அவிழ்த்து ஈக்கள் இறங்கும்வரை காத்து நின்றார். தங்கச்சி சாப்பிட்டு முடித்த பிறகுதான் அருச்சனைத் தட்டைத் தூக்கினார். பெருங்கதை முடியும்வரை அம்மா ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் பிந்தித்தான் போனார்.