நான் காட்டிய இடத்தில் நின்ற மரம்

மூன்று நாளாகக் காயாத துணிக்கு ஒரு வாடை உண்டு; புளித்த கஞ்சியும் நனைந்த நாயும் கலந்த மாதிரி. ஜூனில் எடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். கட்டில் மேல், கதவு மேல், அடுப்புக்கு மேல் என்று ஊரார் வேட்டிகளும் ஹோட்டல் விரிப்புகளும் தொங்க, நாங்கள் குனிந்து குனிந்துதான் நடமாடுவோம். சலவைத் தொழிலுக்காகத் தலைமுறைகளுக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் எங்களுடையவை. மழை கொஞ்சம் விட்டால் போதும், "வெயிலு வந்தாச்சு!" என்று யாராவது கத்த, தெருவே மூட்டைகளோடு மைதானத்துக்கு ஓடும்.

அந்த மைதானத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் துணி காயப்போட ஓர் "எடம்" உண்டு. இரண்டு கயிற்றை ஒன்றாக முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் கழலாது. அடுத்தவர் எடத்தில் ஒரு கைக்குட்டைகூடக் காயப்போட மாட்டோம். எங்கள் எடம் நட்டநடுவில். காலை முதல் மாலை வரை வெயில் விழும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கத்துக்கு மரத்தின் மேல் ஆசை பிறந்தது. பள்ளிக்கூடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் கன்றுகள் கொடுத்தார்கள். ஒரு ஜூன் மாதம் ஜீப்பில் வந்த ஒரு "சார்", மைதானத்திலும் ஒரு மழைமரம், நம் தூங்குமூஞ்சி மரம்தான், நட வேண்டும் என்றார். சர்க்கார் நிலம், மறுக்க முடியாது. சரி, மதிலோரம் வடக்கு மூலையில் நட்டுக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் கையில் கன்றைக் கொடுத்து, "எவிடெ நடணம் மோளே? காட்டு" என்றார் சார்.

நான் எங்கள் எடத்தைக் காட்டினேன். மரம் எங்களுடையதாக இருக்க வேண்டுமென்றால் எங்கள் எடத்தில்தானே இருக்க வேண்டும்? என் புத்தி அப்படித்தான் போயிற்று. அப்பா, "கொஞ்சம் தள்ளி நடலாமே சாரே" என்று ஆரம்பித்தார். "குழந்தை காட்டின எடமல்லே!" என்று சார் சிரிக்க, கூட வந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அந்த வெரலு ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதாடி?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "விடு, அவளுக்கென்ன தெரியும்" என்றார் அப்பா. ரெண்டு அடி போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சனியன், அது செத்தும் தொலையவில்லை. சாக விடவும் முடியாது. கன்று பட்டுப்போனால் நாங்கள்தான் கொன்றோம் என்று மைதானத்தையே பூட்டிவிடுவார்கள் என்ற பயம் எல்லாருக்கும். அதனால் மீன மாதக் கோடை வெயிலில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது அப்பாதான். ஆறேழு வருஷத்தில் பாதிக் கயிறு நிழலாகிவிட்டது. காக்கை வந்தது, கொக்கு வந்தது, மாங்குயில்கூட வந்தது. எனக்கு அந்த மாங்குயில் பிடிக்கும் என்பதை வீட்டில் மூச்சு விட்டதில்லை. வெளுத்த விரிப்பின் மேல் எச்சம் விழும், பிசுபிசுத்த காய்கள் விழும், எடுத்துப்போய் மறுபடி துவைக்க வேண்டும். ஒரேயொரு கிளையை வெட்ட அனுமதி கேட்டு அப்பா எத்தனையோ தடவை எர்ணாகுளம் சர்க்கார் ஆபீசுக்குப் போனார். பச்சை மரத்தில் கத்தி வைத்தால் கேஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் அப்பா கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். அதன் பிறகு ஈர மூட்டையோடு ஒவ்வொருவர் எடமாகப் போய், "உங்க துணி காஞ்சப்பறம் கொஞ்சம் எடம் கிடைக்குமா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். நான் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இப்போது நான் இருப்பது பக்கத்தில் சுள்ளிக்கல்லில். அப்பா இல்லை, எங்கள் எடம் இருந்ததற்கு அடையாளமாக ஒரு கம்பம்கூட இல்லை. மரத்தடியில் பறவைகளின் பெயர் எழுதிய பலகை இருக்கிறது. போன ஜூனில், மரம் நட்டவள் என்று என்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த இளம் டீச்சர், "சேச்சியோட அப்பாவுக்கும் மரம்னா ரொம்ப இஷ்டமா இருந்திருக்கும், இல்லே?" என்று கேட்டாள்.

"ஆமா டீச்சர், அவருதான் தண்ணி ஊத்தி வளத்தாரு" என்றேன்.